நீர்வண்ணத்தில் சித்திரைப் பூக்கள்

கொல்லிமலை அடிவாரத்தை ஒட்டிய எருமப்பட்டிச் சமவெளியில் பங்குனியும் சித்திரையும்தான் மரங்கள் பூக்கும் காலம். வேம்பு, புங்கு, சரக்கொன்றை என ஒன்றையடுத்து ஒன்று பூக்கும். இவற்றை வரைய நீர்வண்ணத்துக்கு ஈடில்லை; மெல்லிய சாயத்தினூடே தாளின் வெண்மை தெரிவதால் இதழின் மென்மை தானாக வந்துவிடும்.

கொன்றைக்கு ஐந்து இதழ்கள், பத்து மகரந்தத் தாள்கள். அவற்றில் மூன்று மட்டும் நீண்டு வளைந்திருக்கும். எலுமிச்சை மஞ்சளை நீர்க்கப் பூசி, காய்ந்தபின் அடர்மஞ்சளை மேலேற்ற வேண்டும். நிழலுக்குக் கறுப்பைத் தொட்டால் மஞ்சள் அழுக்குப் பச்சையாகிவிடும். துளி ஊதா போதும். கடினமானது வேப்பம்பூ. பூவைத் தொடாமல் சுற்றியுள்ள இலைப்பச்சையை மட்டும் தீட்டினால் வெறுந்தாளே பூவாகிறது. பொறுமையற்றவர்கள்தான் வெள்ளைச் சாயத்தைத் தேடுவார்கள், படமும் கெடும். சித்திரை வெயிலில் ஈரம் சட்டென்று உலர்ந்து, பூச்சின் ஓரங்களில் கோடு விழும். எனவே விடியற்காலையே உகந்தது; சதுர மீட்டருக்கு 300 கிராம் எடையுள்ள தாள் நெளியாமல் தாங்கும்.

இந்த வேலைக்குத் தென்னகத்தில் முன்னோடிகள் உண்டு. ஸ்காட்லாந்துத் தாவரவியலாளர் ராபர்ட் வைட்டுக்காக ரங்கையா, கோவிந்து என்ற இரு இந்திய ஓவியர்கள் தென்னிந்தியத் தாவரங்களை வரைந்தார்கள். அவற்றை அடியொற்றிய அச்சுப்படங்கள் 1838 முதல் 1853 வரை சென்னையில் தொகுதிகளாக வெளிவந்தன. ஓர் ஆர்க்கிட் பேரினத்துக்கு வைட் கோவிந்துவின் பெயரையே சூட்டினார். மூல ஓவியங்கள் பல எடின்பரோ அரச தாவரவியல் பூங்காவில் உள்ளன.