வந்துசேராத தேர்: பேகன் பாடல்களில் மீட்சி

சங்க அகப்பாடல்களில் வினைமுற்றி மீளும் தலைவனின் இன்பம் பெரும்பாலும் இல்லத்தில் நிகழ்வதன்று, வழியில் நிகழ்வது. கார் தொடங்குகின்றது, தேர் விரைகின்றது. பெரும்பாலான பாடல்கள் அவ்வளவில் நின்றுவிடுகின்றன. 103 அடிகள் கொண்ட முல்லைப்பாட்டிலும் நப்பூதனார் தலைவனை வாயிலுக்குள் அழைத்துவருவதில்லை. குதிரைகளின் ஒலி தலைவியின் செவியை நிறைப்பதோடு முடிக்கிறார். ஒக்கூர் மாசாத்தியாரின் அகநானூறு 384 போல, தலைவன் இறங்கி மனை புகுவதைக் காட்டும் பாடல்கள் சிலவே. ஆயினும், வருகை சொல்லப்படாத இடத்தும் கற்போர்க்கு ஐயம் எழுவதில்லை. பெயரற்ற தலைவன் திணைமரபின்படி வந்தே தீருவான்.

பெயருடைய ஒருவன் வராதபோது என்ன நிகழும் என்பதே புறநானூறு 143 முதல் 147 வரையுள்ள ஐந்து பாடல்களின் சிக்கல். பாட்டுடைத் தலைவன் ஆவியர் கோவாகிய வையாவிக் கோப்பெரும் பேகன். ஆவியரின் பொதினி இன்றைய பழனி என்பது அறிஞர் பலரும் ஏற்ற கருத்து. அம்மலையின் அடிவாரத்தில்தான் பாலசமுத்திரமும், அகழாய்வால் அறியப்பட்ட பொருந்தலும் உள்ளன. கபிலர், பரணர், அரிசில்கிழார், பெருங்குன்றூர்கிழார் ஆகிய நால்வரும் பேகனிடம் கேட்பது பொருளன்று. அவன் மனைவியிடம் திரும்ப வேண்டும் என்பதே. பசித்து வரவில்லை, தாங்கவேண்டிய சுற்றச் சுமையும் இல்லை என்று பரணர் (145) தெளிவாகவே கூறிவிடுகிறார். அன்றிரவே தேரேறுவதுதான் அவர் இரக்கும் பரிசில்.

இப்பாடல்கள் பெரும்பாலும் பேகனின் ஒழுக்கத்துக்கோ புலவர்களின் துணிவுக்கோ சான்றாக மட்டுமே எடுத்தாளப்பட்டு வந்துள்ளன. அது குறைபட்ட வாசிப்பு. முல்லையின் கருவிகள் ஒவ்வொன்றும் இங்கே தலைகீழாக நிற்பது அவ்வாசிப்பில் மறைந்துவிடுகின்றது. அகநானூறு 4-இல் குறுங்குடி மருதனாரின் தலைவன், தாதுண்ணும் வண்டுகள் கலங்கும் என்று அஞ்சித் தேர்மணியின் நாவைக் கட்டுகிறான். அவன் தேர் ஓசையின்றி வீடு நோக்கி வருகின்றது. பேகனின் தேரோ புறநானூறு 144-இல் ஊரறிய ஒலித்துச் செல்கின்றது, வேறொருத்தியை நாடி. அவள் ஊரின் வேலியும் முல்லையே! காத்திருத்தலுக்குரிய மலர் காத்திருப்பவளிடம் இல்லை. பெருங்குன்றூர்கிழாரிடத்தில் (147) மழையும் வந்துவிட்டது. அவள் அதனைத் தனியளாய்க் கேட்கிறாள். பருவம் தன் வாக்கைக் காத்தது, கணவன் காக்கவில்லை. மயில் குளிரால் நடுங்குமென்று போர்வை ஈந்தவன் என்ற புகழை இதே வேண்டுகோளுக்குள் பரணர் நினைவூட்டுவது வெறும் பாராட்டாக எனக்குத் தோன்றவில்லை.

வீடுதிரும்புதலின் ஆறுதலை இப்புலவர்கள் எதில் காண்கின்றனர் என்பதும் நோக்கத்தக்கது. அரிசில்கிழாரும் (146) பெருங்குன்றூர்கிழாரும் கூந்தலில் காண்கின்றனர். நெய்யின்றிக் கிடக்கும் கூந்தல் கழுவப்பெற்று, புகையூட்டப்பெற்று, புதுமலர் சூட வேண்டும். மீள்பவனின் களைப்பு தீர்வதைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. முல்லைப் பாடல்கள் பலவற்றில் பேசுபவன் தேரிலிருப்பவன். ஆகவே அங்கே ஆறுதல் முதலில் அவனுடையதாகின்றது. இங்கே பார்வை வாயிலில் நிற்பவளிடம் இருக்கின்றது.

அவள் பெயரோ பாடல்களுள் இல்லை. கண்ணகி என்பது கொளுவால் மட்டுமே தெரியவருகின்றது. அகத்தில் ஒருவர் பெயரைச் சுட்டலாகாது என்ற தொல்காப்பிய மரபு பேகனுக்குத் தளர்ந்து, அவளுக்கு மட்டும் நிலைத்தது போலும். பேகனின் பெயர் வந்தமையாலேயே பாடல்கள் புறத்துக்கு நகர்ந்து, பெருந்திணையில் குறுங்கலித் துறையாக வகுக்கப்பட்டன. ஆனால் பேகனின் பெயரே அம்மீட்சியை உறுதியற்றதாகவும் ஆக்கியது. மரபு தலைவனை வீட்டுக்குக் கொண்டுவரும். மன்னனைப் புலவர்தாம் இரந்து அழைக்க வேண்டியுள்ளது. பேகன் தேரேறினானா என்பதற்கு இத்தொகுப்பில் விடை இல்லை. 148-ஆம் பாடலில் வன்பரணர் நள்ளியைப் பாடத் தொடங்கிவிடுகிறார்.