பேசும்படத்தில் துயரின் குரல்

பேசும்படம் தோன்றிய காலத்தில் படக்கலை விரைந்து நாடியது பாடகரையே. அமெரிக்காவில் புளூஸ் பாடகியும், தமிழகத்தில் நாடகமேடைப் பாடகியும் இவ்வாறே திரையேறினர். படம் அவர்தம் குரலைக் காத்தது. அக்குரலுக்குப் பின்னால் நின்ற மக்களையும் காத்ததா என்பதே ஈண்டு ஆராயத்தக்கது.

புளூஸ், அமெரிக்கத் தென்மாநிலக் கறுப்பின மக்களிடையே பிறந்த பாடல் வகை. ஒருவர் பாடப் பலர் எதிர்க்குரல் கொடுக்கும் வேலைப்பாட்டு அதன் வேர்களுள் ஒன்று. இத்துறையில் பெரும்புகழ் எய்திய பெசி ஸ்மித் நடித்தது 1929இல் எடுக்கப்பட்ட 'செயின்ட் லூயிஸ் புளூஸ்' என்னும் குறும்படம் ஒன்றிலேயாம். கதை அவரைக் காதலனால் கைவிடப்பட்ட ஒருத்தியாக மட்டுமே காட்டுகின்றது. ஆயினும், மதுச்சாலையில் அவர் பாடக் கூடியிருப்போர் சேர்ந்து பாடுகையில் பழைய எதிர்க்குரல் மீண்டும் எழுகின்றது. கதை சுருக்கியதை இசை விரிக்கின்றது எனலாம்.

சிறுவயதில் இரயிலில் பாடிப் பிழைத்த கொடுமுடி கே. பி. சுந்தராம்பாள், கொழும்பு மேடையிலும் பாடிப் புகழ்பெற்றவர். கணவர் கிட்டப்பா 1933இல் மறைந்தபின், 1935இல் 'நந்தனார்' படத்தில் ஆண்வேடம் ஏற்றார். இலட்ச ரூபாய் ஊதியமே அன்று பெரிதும் பேசப்பட்டது. அவர் ஏற்ற பாத்திரத்தின் பொருள் அத்துணை பேசப்படவில்லை. பெரியபுராணத்து நந்தனாருக்கு ஆண்டையில்லை. வேதியராகிய ஆண்டையைப் படைத்தவர் கோபாலகிருஷ்ண பாரதியார். அதனால் அடியார் கதை, விடுப்புக் கேட்டு இரக்கும் பண்ணையாளின் கதையுமாயிற்று. எனினும் நாற்பது வேலி நிலத்து வேலையை இறையருள் ஓரிரவில் முடித்துவைக்கின்றது. துன்பம் அற்புதத்தில் கரைந்துவிடுகின்றது.

ஊவா மலைச்சாரலில் இவ்வற்புதம் நிகழ்ந்ததில்லை. பதுளை, பசறை, அப்புத்தளைத் தோட்டங்களில் துரையிடமும் கங்காணியிடமும் விடுப்புக் கேட்டு நின்றோர்க்கு மறுநாளும் பிரட்டுக்களமே காத்திருந்தது. கடல் கடந்த வழியையும் மலைக்குளிரையும் கங்காணியின் கொடுமையையும் மலையக மக்கள் பாட்டிலே வைத்தனர். அவர்தம் பாட்டு கடவுளை மட்டும் விளிப்பதன்று; உடன் உழைப்போரையும் விளிப்பது; சிலபோது மேலாளரை எள்ளி நகையாடுவது. இவ்வகையில் அது நந்தனார் கீர்த்தனையினும் புளூஸுக்கே நெருங்கியது.

பெசி ஸ்மித்துக்கும் சுந்தராம்பாளுக்கும் திரை வாய்த்தது. கொழுந்து கொய்த பெண்களின் குரலைத் தேடி அக்காலப் படக்கலை மலையேறவில்லை. சி. வி. வேலுப்பிள்ளை அம்மக்களின் பாடல்களைத் திரட்டி 1983இல் நூலாக்கியமை பெருந்தொண்டு. ஆனால் ஏடு சொல்லைக் காக்குமேயன்றி, இழுத்துப் பாடும் ஓசையையும் இடையிடையே எழும் எதிர்க்குரலையும் காவாது. அப்பாடல்களை நினைவிற்கொண்ட முதியோர் தோட்டங்களில் அருகி வருகின்றனர். இன்று மாணவர் ஒவ்வொருவர் கையிலும் ஒலிப்பதிவுக் கருவி உண்டு. தம் பாட்டியர் பாடுவதைப் பதிந்து, பாடியவர் பெயரையும் தோட்டத்தின் பெயரையும் உடன் குறித்துவைத்தல் அவர்க்கு எளிது; காலந்தாழ்த்தின் அரிது.