பதினாறு வயதும் ஒரு பேரிக்காய் மரமும்

ஆண்டுதோறும் ஆகஸ்ட் 27, 28 ஆகிய இரு நாள்களில் நம் ஆலயங்களில் ஆற்றப்படும் மறையுரைகளைக் கேட்டுப் பழகியோர்க்குப் புனித மோனிக்கா, புனித அகுஸ்தினார் ஆகிய இருவரின் கதையும் மனப்பாடம். தறிகெட்டுத் திரிந்த மகன், கண்ணீரோடு செபித்த தாய், முடிவில் மனமாற்றம். இக்கதையில் மகனுக்கு வயது என ஒன்று இருப்பதே இல்லை. பதினாறிலும் அவன் ஊதாரி. முப்பதிலும் அவன் ஊதாரி. மறையுரைக்குச் சுருக்கம் தேவை என்பதை நாம் மறுக்கவில்லை. ஆயினும், ஹிப்போவின் ஆயராக இருந்தபோது, ஏறத்தாழ 397க்கும் 400க்கும் இடையில், அகுஸ்தினாரே எழுதிய நூலை எடுத்து வாசிப்போர் முன் விரியும் காட்சி வேறு. 'ஒப்புகை' என நாம் இங்குக் குறிக்கும் அந்நூல் பதின்மூன்று பகுதிகளைக் கொண்டது. அவற்றுள் இரண்டாம் பகுதியை முழுவதுமாக அவர் தம் வாழ்வின் ஒரே ஓர் ஆண்டுக்கு ஒதுக்கியுள்ளார். அது அவரது பதினாறாம் வயது.

இப்பகுதியை ஒரு பாவியின் ஒப்புகையாக மட்டுமே வாசித்து வந்துள்ளோம். வளரிளம் பருவத்தில் நின்ற ஒரு மகனிடம் அவனைச் சூழ்ந்திருந்த பெரியவர்கள் எதைக் கண்டார்கள், எதைக் காணத் தவறினார்கள் என்பதன் பதிவாகவும் அதனை வாசிக்க இயலும் என்பதே நம் கருத்து. அங்ஙனம் வாசிக்குமிடத்து, குற்றவாளிக் கூண்டில் நிற்பவன் சிறுவன் ஒருவன் மட்டும் அல்லன் என்பது புலனாகும்.

இன்று அல்ஜீரியாவில் சூக் அஹ்ராஸ் என வழங்கும் தகாஸ்தே என்னும் சிற்றூரில் 354ஆம் ஆண்டில் பிறந்தவர் அகுஸ்தினார். தந்தை பத்ரீசியுஸ் ஊர் மன்ற உறுப்பினர், பெருஞ்செல்வர் அல்லர். அருகிலிருந்த மதௌரா நகரில் இலக்கியமும் நாவன்மையும் பயின்றுகொண்டிருந்த மகனை, கார்த்தேஜ் நகருக்கு மேற்படிப்புக்கு அனுப்ப எண்ணினார் தந்தை. அதற்கான பணம் சேரும்வரை ஓராண்டு மகன் வீட்டில் தங்க நேர்ந்தது. படிப்பு இல்லை, வேலையும் இல்லை. தம்மினும் பன்மடங்கு வசதி படைத்தோர் தம் மக்களுக்குச் செய்யாததை இவர் செய்கிறாரே என ஊரார் தந்தையைப் புகழ்ந்தனர். மகனும் அப்புகழுரையை மறைக்கவில்லை. ஆனால், மகன் பேச்சுத் திறனில் வளர்கிறானா எனக் கவலைப்பட்ட அதே தந்தை, அவன் எத்தகைய மனிதனாக வளர்கிறான் என்பதில் கருத்துச் செலுத்தவில்லை என்பதையும் உடன் எழுதுகிறார். நிலத்தை அடகுவைத்துக் கல்லூரிக் கட்டணம் கட்டும் தந்தையரைக் கண்டறிந்த நமக்கு இவ்வரிகள் ஆப்பிரிக்கத் தொலைவிலிருந்து வருவனவாகத் தோன்றா.

தொடர்ந்து வருவது பொதுக் குளியலிடத்தில் நடந்த ஒரு நிகழ்ச்சி. மகனின் உடலில் பருவ மாற்றத்தின் அடையாளங்களைக் கண்ட தந்தை, பேரப்பிள்ளையே பிறந்துவிட்டது போன்ற களிப்புடன் அதனை வீட்டில் சொல்லுகிறார். தாய் நடுங்குகிறார். மகனைத் தனியே அழைத்து, ஒழுக்கம் தவறக்கூடாது, சிறப்பாகப் பிறர் மனைவியை நாடக்கூடாது என எச்சரிக்கிறார். பெண்கள் சொல்லும் சொல்லுக்குச் செவிசாய்ப்பது ஆணுக்கு இழுக்கு என மகன் அதனைத் தள்ளிவிடுகிறான். திருமணம் செய்துவைத்தால் கல்வியும் எதிர்காலமும் கெட்டுவிடும் என்பதில் மட்டும் பெற்றோர் இருவரும் ஒன்றுபட்டிருந்தனர். அகுஸ்தினார் இங்குத் தம் தாயையும் மென்மையாகக் குறை கூறுகிறார். நம் மறையுரைகளில் இக்குறை ஒலிப்பதில்லை. புனிதையின் பெருமை அதனால் குன்றிவிடும் என அஞ்சுகிறோம் போலும்! மகனோ அஞ்சவில்லை. தந்தை அவனிடத்துப் பேரப்பிள்ளையைக் கண்டார். தாய் ஆபத்தைக் கண்டார். இருவரும் சேர்ந்து ஓர் உயர்பதவியைக் கண்டனர். அவனது உடலைப் பற்றியும் படிப்பைப் பற்றியும் வீடு முழுவதும் பேச்சாயிருக்க, அவனுடன் அமர்ந்து பேசியவர் அந்த ஓராண்டில் ஒருவரும் இலர்.

பேசுவதற்கு நண்பர்கள் இருந்தனர். அவர்கள் தம் தீச்செயல்களைப் பெருமையாகச் சொல்லக் கேட்டு, தான் பின்தங்கிவிடக்கூடாதே என்னும் வெட்கத்தால், செய்யாதவற்றையும் செய்ததாக அளந்ததாக அகுஸ்தினார் ஒப்புக்கொள்கிறார். குற்றமின்றி இருப்பதே கோழைத்தனமாக எண்ணப்படும் அவையில் ஒரு சிறுவன் தன் நன்மையை மறைத்துக்கொள்கிறான்! பாவத்தை மறைப்போரைப் பற்றி நாம் நிறையப் பேசியுள்ளோம். நன்மையை மறைக்கும் இளையோரை, இந்த ஒரு பத்தி அளவுக்குக் கூர்மையாகப் படம்பிடித்த வேறோர் ஆன்மிக எழுத்தை நாம் வாசித்ததில்லை.

அடுத்து, பேரிக்காய் மரம். வீட்டின் திராட்சைத் தோட்டத்திற்கு அருகில் அயலார் மரம் ஒன்று இருந்தது. நள்ளிரவு வரை விளையாடிவிட்டு, இளைஞர் கூட்டம் ஒன்று சென்று அதனை உலுக்கிக் காய்களைச் சுமந்து வருகிறது. அவை காண்பதற்கும் உண்பதற்கும் சிறந்தவை அல்ல. அகுஸ்தினாரின் வீட்டிலேயே அவற்றினும் நல்லவை இருந்தன. ஒன்றிரண்டைச் சுவைத்துவிட்டு எஞ்சியவற்றைப் பன்றிகளுக்கு எறிகின்றனர். இச்சிறு திருட்டைப் பற்றி அவர் பல அதிகாரங்கள் எழுதுகிறார். சிறு வயதில் காய் பறித்ததை மலையளவு பெரிதாக்குகிறாரே என அமெரிக்க உச்ச நீதிமன்ற நீதிபதி ஆலிவர் வெண்டல் ஹோம்ஸ், தம் நண்பர் ஹெரால்ட் லாஸ்கிக்கு எழுதிய மடலில் எள்ளி நகையாடினார். அந்த நகைப்பில் நாம் பங்கேற்க இயலாது. திருட்டின் அளவை அகுஸ்தினார் அளந்துகொண்டிருக்கவில்லை. பசியும் இல்லை, தேவையும் இல்லை, பகையும் இல்லை. பின் ஏன் செய்தேன் என்பதே அவரது வினா. தடை செய்யப்பட்டது என்பதனாலேயே அது இனித்தது என்று முதலில் விடை கூறுகிறார். அவ்விடை போதவில்லை. புரட்டிப் புரட்டிப் பார்த்து வேறொன்றைக் கண்டுகொள்கிறார்: தனியாக இருந்திருந்தால் தாம் அதனைச் செய்திருக்க மாட்டார். இதனை ஒருமுறை சொல்லி அவர் அமையவில்லை. மீண்டும் மீண்டும் சொல்லுகிறார்.

அமெரிக்காவின் டெம்பிள் பல்கலைக்கழக உளவியலாளர்கள் மார்கோ கார்ட்னரும் லாரன்ஸ் ஸ்டைன்பெர்க்கும் 2005இல் வெளியிட்ட ஓர் ஆய்வை ஈண்டு நினைவுகூர்வது பொருந்தும். 13 முதல் 16 வயதினர், 18 முதல் 22 வயதினர், 24 வயதைக் கடந்தோர் என மூன்று பிரிவினர் கணினியில் வண்டி ஓட்டும் விளையாட்டொன்றை ஆடினர். எச்சரிக்கை விளக்கு எரிந்தபின் எவ்வளவு தூரம் துணிந்து ஓட்டுகிறார்கள் என்பதே சோதனை. அருகில் ஒத்த வயதுத் தோழர்கள் இருந்தபோது வளரிளம் பருவத்தினரின் துணிச்சல் பெரிதும் கூடியது. முதிர்ந்தோரிடம் அத்தகைய மாற்றம் காணப்படவில்லை. ஆபத்து இன்னதென அறியாமையால் இளையோர் தவறுவதில்லை. தோழர் முன்னிலையில் அதன் கவர்ச்சி பெருகிவிடுகிறது. தன்னடக்கத்திற்கும் திட்டமிடலுக்கும் துணைநிற்கும் மூளையின் முன்பகுதி இருபதுகளின் நடுப்பகுதி வரை முதிர்ச்சி பெற்றுக்கொண்டிருப்பதாக இன்றைய அறிவியல் கூறுகிறது.

இந்த அறிவியலைச் செய்தித்தாள்கள் எடுத்தாளும் முறைதான் நமக்கு உவப்பாயில்லை. 'வேகாத மூளை' என்னும் புதிய ஏளனம் ஒன்று பழைய ஏளனங்களின் வரிசையில் சேர்ந்துவிட்டது. அமெரிக்கர் ஸ்டான்லி ஹால் 1904இல் வளரிளம் பருவத்தைப் பற்றி இரு பெருந்தொகுதிகள் எழுதி, அதனைப் புயலின் பருவமாகக் காட்டினார். அன்று புயல், இன்று மூளைக் குறை. அகுஸ்தினாரோ நட்பை இனிய பிணைப்பு என்றே முதலில் போற்றி, அதன்பின்னரே அது பகையாகத் திரிந்த கதையைக் கூறுகிறார். தோழமையை நாடும் தாகத்தை அவர் நோயாகக் கருதவில்லை. அந்தத் தாகத்தை வீடு தீர்க்காதபோது தெரு தீர்த்துவைக்கிறது.

சொற்களையும் சற்று நோக்குவோம். லத்தீனில் வளர்தலைக் குறிக்கும் ஒரே வினையினின்று 'வளர்ந்துகொண்டிருப்பவன்', 'வளர்ந்துவிட்டவன்' ஆகிய இரு சொற்களும் பிறந்தன. உரோமையர் முன்னவனின் பருவத்தை முப்பது வயதளவும் நீட்டினர். நம் பன்னிரு பாட்டியல் ஆடவர் பருவங்களை வகுக்கையில் பதினைந்து வயதினனைத் திறலோன் என்றும், பதினாறு வயதினனைக் காளை என்றும், அதற்குமேல் முப்பது வரை விடலை என்றும் பெயரிட்டது. ஒவ்வோர் ஆண்டுக்கும் ஒரு பெயர் சூட்டும் அளவுக்கு அப்பருவத்தை நம் முன்னோர் உற்றுநோக்கினர் போலும்! சங்க அகப்பாடல்களில் விடலை என்பான் பாலை வழியே காதலியை அழைத்துச் செல்லும் வீரன். இன்றோ 'விடலைப் பையன்' என்றவுடன் தெருமுனையும் இருசக்கர வண்டியும் வசவும் நினைவுக்கு வருகின்றன. சொல் மாறவில்லை, பார்ப்போரின் கண் மாறியது. சட்டமும் தடுமாறுகிறது. 2015ஆம் ஆண்டு சிறார் நீதிச் சட்டத்தின்படி, கொடுங்குற்றம் சாட்டப்பட்ட பதினாறு வயது நிறைந்தவனை, முதற்கட்ட மதிப்பீட்டிற்குப் பின், வளர்ந்தோனைப் போல விசாரிக்க இயலும். வாக்களிப்பதற்கோ அவன் பதினெட்டு வரை காத்திருக்க வேண்டும்.

அகுஸ்தினாரின் எழுத்திலும் ஒரு குறை உண்டு. அந்த இரவில் உடன் சென்ற தோழர்கள் எவர்க்கும் பெயர் இல்லை, முகம் இல்லை, ஒரு சொல்லும் இல்லை. அவர்களுள் ஒருவன் அஞ்சியிருக்கலாம். ஒருவன் வீட்டிற்குத் திரும்ப விரும்பியிருக்கலாம். நாற்பதைக் கடந்த ஆயரின் கண்டிப்பான பார்வையில் அவர்கள் வெறும் கூட்டமாகக் கரைந்துவிடுகின்றனர். முதற்பகுதியில் அவர் இவ்வாறு எழுதவில்லை. பந்து விளையாடியதற்காகச் சிறுவரை அடிக்கும் பெரியவர்கள், தம் விளையாட்டுகளை மட்டும் அலுவல் என அழைத்துக்கொள்கின்றனர் என அங்கே துணிந்து எழுதினார். பள்ளியில் தாம் பட்ட அடியைக் கண்டு பெற்றோர் சிரித்ததையும் அவர் மறக்கவில்லை. சிறுவனின் பக்கம் நின்ற அந்தக் குரல் பேரிக்காய் மரத்தடியில் ஏனோ தளர்ந்துவிட்டது.

எனினும், இவ்வரலாற்றுக்கு வேறொரு பதினாறு வயதும் உண்டு. அகுஸ்தினாருக்கு ஏறத்தாழப் பதினெட்டு வயதில் ஒரு மகன் பிறந்தான். 'இறைவன் தந்தவன்' எனப் பொருள்படும் அதெயோதாத்துஸ் என்பது அவன் பெயர். 387ஆம் ஆண்டுப் பாஸ்காவில் மிலான் நகரில், தந்தையும் மகனும் புனித அம்புரோசின் கையால் ஒன்றாகத் திருமுழுக்குப் பெற்றனர். பின்னர் ஆப்பிரிக்கா திரும்பி, அதே தகாஸ்தே ஊரில் வாழ்ந்தபோது, ஏறத்தாழ 389இல், அகுஸ்தினார் 'ஆசிரியர்' என்னும் உரையாடல் நூலை எழுதினார். உரையாடுவோர் இருவரே: தந்தை, மகன். அதில் மகன் கூறுவனவாக வரும் கருத்துகள் அனைத்தும் உண்மையில் அவனுடையவையே என்றும், அப்போது அவனுக்கு வயது பதினாறு என்றும், அவனது அறிவு தமக்கு வியப்பையும் அச்சத்தையும் தந்தது என்றும் 'ஒப்புகை'யின் ஒன்பதாம் பகுதியில் தந்தை சான்று பகர்கிறார். மகன் நெடுநாள் வாழவில்லை. அச்சான்று எழுதப்பட்டது அவன் இறந்தபின்.

மறையுரைகளில் இம்மகனின் பெயர் ஒலிப்பது அரிது. நம் பங்குகளில் நடைபெறும் இளையோர் கூட்டங்களையும் உறுதிபூசுதல் வகுப்புகளையும் எண்ணிப் பார்க்கிறோம். ஒலிபெருக்கியின் முன் நிற்போர் யார், பாயில் அமர்ந்து கேட்போர் யார் என்பது நாம் அறியாததன்று. கைப்பேசியைப் பற்றியும் தேர்வைப் பற்றியும் தீய நட்பைப் பற்றியும் அவர்களுக்கு அறிவுரை குறைவின்றி வழங்கப்படுகிறது. பத்ரீசியுசும் மோனிக்காவும் தத்தம் வழியில் வழங்கியதும் அதுவே.

'ஆசிரியர்' நூல் அறிவுரையோடு தொடங்கவில்லை. நாம் பேசும்போது எதனைச் செய்ய விழைகிறோம் எனத் தந்தை கேட்கிறார். கற்பிக்கவோ கற்றுக்கொள்ளவோ விழைகிறோம் என மகன் விடையிறுக்கிறான். அவ்விடையின் ஒரு பாதியைத் தந்தை ஏற்றுக்கொள்கிறார். மறுபாதியைப் பற்றி வினா எழுப்புகிறார். மகன் தயங்குகிறான், மறுக்கிறான், சிக்கிக்கொள்கிறான், விடுபடுகிறான். இறுதியில் தந்தை நெடுநேரம் தொடர்ந்து பேசிவிட்டு, தாம் சொன்னவை அனைத்தையும் பற்றி மகனின் கருத்து யாது எனக் கேட்கிறார். மகன் தன் கருத்தைக் கூறுகிறான். அதற்குமேல் தந்தை ஒரு சொல்லும் சேர்க்கவில்லை. நூல் அங்கே நிறைவுறுகிறது.