ரஜாக்கர்: ஒரு முழக்கமும் அதன் மொழிபெயர்ப்பும்

1. முன்னுரை

வங்காளதேசத்தில் 2024ஆம் ஆண்டு ஜூலை, ஆகஸ்டு மாதங்களில் நிகழ்ந்த மாணவர் எழுச்சியும், அதனை ஒடுக்க அரசு மேற்கொண்ட வன்முறையும் அரசியல் வரலாற்றுக்கு உரியன. ஆயினும் மொழியியலாரும் மொழிபெயர்ப்பாளரும் தனித்து நோக்கத்தக்க பகுதி ஒன்று அவற்றுள் உண்டு. ஜூலை 14 இரவு டாக்கா பல்கலைக்கழகத்தில் எழுந்த முழக்கமே அது. பாதியாக எடுத்துக் கூறியபோது அது ஒரு பொருளைத் தந்தது. முழுமையாகக் கேட்டபோது நேர்மாறான பொருளைத் தந்தது. அம்முழக்கத்தின் அமைப்பையும், அதனைத் தமிழில் பெயர்ப்போர் எதிர்கொள்ளும் இடர்களையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

2. பின்புலம்

வங்காளதேச அரசுப் பணிகளில் 56 விழுக்காடு பல்வேறு பிரிவினருக்கு ஒதுக்கப்பட்டிருந்தது. அவற்றுள் 30 விழுக்காடு, 1971 விடுதலைப் போரில் பங்குகொண்டோரின் வழியினருக்கு உரியது. மாணவர் போராட்டத்தை அடுத்து 2018இல் அரசு இவ்வொதுக்கீட்டை நீக்கியது. 2024 ஜூன் 5 அன்று உயர் நீதிமன்றம் அதற்கு மீண்டும் உயிரளித்தது. இதனை எதிர்த்து மாணவர் திரண்டனர்.

இங்கேயே மொழிபெயர்ப்புச் சிக்கல் தொடங்கிவிடுகிறது. வங்காளத்தில் வழங்கும் 'கோட்டா' என்னும் சொல்லை 'இடஒதுக்கீடு' எனத் தமிழாக்கினால், தமிழ் வாசகர் அதனைச் சமூகநீதியோடு இணைத்தே காண்பர். போராடியோர் சமூகநீதிக்குப் பகைவராகத் தோன்றுவர். மாணவர் கேட்டது ஒதுக்கீட்டின் சீர்திருத்தம். அவர்களுடைய முதன்மையான எதிர்ப்பு போராளிகளின் வழியினருக்கான பங்கின்மீதே அமைந்தது. எனவே 'கோட்டா' என்றே வைத்து, யாருக்குரிய கோட்டா என்பதை விளக்குதல் பொருந்தும். இயக்கத்தின் பெயரில் உள்ள 'பொய்ஷொம்மொ' என்னும் சொல்லும் அத்தகையது. 'வைஷம்ய' என்னும் வடசொல்லின் வங்காள ஒலிப்பாகிய அது, ஏற்றத்தாழ்வைக் குறிக்கும். 1960களில் கிழக்குப் பாகிஸ்தானுக்கும் மேற்குப் பாகிஸ்தானுக்கும் இடையே நிலவிய பொருளாதார வேறுபாட்டைச் சுட்ட வழங்கிய சொல்லும் அதுவே. தமிழில் அதன் உறவுச் சொல்லாகிய 'விஷமம்' குறும்பைக் குறிக்கும்.

3. சொல்லின் வரலாறு

'ரஜாக்கர்' பாரசீக மூலமுடையது. தன் விருப்பத்தால் பணிசெய்பவர் என்பது அதன் பொருள். உருதுவில் இன்றும் தொண்டரைக் குறிக்க அது வழங்குகிறது. தமிழ் வாசகர் இச்சொல்லை 1947-48 ஐதராபாத்தின் வரலாற்றுவழி அறிவர். காசிம் ரஜ்வியின் தலைமையில் நிஜாமின் ஆட்சியைக் காக்க இயங்கிய ஆயுதக் குழுவினர் இப்பெயர் பெற்றனர். 1971இல் கிழக்குப் பாகிஸ்தானில் பாகிஸ்தான் படைக்குத் துணையாக அமைக்கப்பட்ட படையும் இப்பெயரையே பெற்றது. அதன்பின் வங்காளத்தில் அது படைப்பெயர் என்னும் நிலை கடந்து, மன்னிக்கப்படாத வசைச்சொல்லாயிற்று.

அவ்வசை வழங்கிய வடிவம் கருதத்தக்கது. ஹுமாயூன் அகமதின் 'பொஹுப்ரீஹி' தொலைக்காட்சித் தொடரில் கிளி ஒன்று 'துய் ரஜாகார்' என்று கூறும். 2013இல் ஷாபாக் சதுக்கத்தில் போர்க்குற்றவாளிகளுக்கு மரண தண்டனை கோரியவர்களும் அத்தொடரையே முழங்கினர். வங்காளத்தில் முன்னிலைப் பெயர் மூன்று படியினது: 'ஆப்னி' மதிப்புக்கும், 'துமி' நெருக்கத்துக்கும், 'துய்' மிக அணுக்கமான உறவுக்கு அல்லது இழிவுக்கும் உரியன. எனவே பழைய வசை 'துய்' என்னும் இழிவு முன்னிலையில் பிறர்மேல் எறியப்பட்டது. 2024இன் முழக்கம் 'துமி', 'ஆமி' என்னும் இரு பெயர்களைக் கொண்டு, பேசுவோரையும் உள்ளடக்கியது. தமிழின் 'நீ' இவ்விரு முன்னிலைகளையும் ஒன்றாக்கிவிடும். இழிவு தோன்றப் பழைய வசையில் 'அடா' என்னும் விளியைச் சேர்க்கலாம். புதிய முழக்கத்தில் அது கூடாது.

4. வினாவும் எதிரொலியும்

ஜூலை 14 அன்று செய்தியாளர் சந்திப்பில் பிரதமர் ஷேக் ஹசீனா, விடுதலைப் போராளிகளின் பேரப்பிள்ளைகள் பெறாவிடில் ரஜாக்கர்களின் பேரப்பிள்ளைகளா பெறுவார்கள் என்னும் பொருள்பட வினவினார். இலக்கண வடிவில் இது வினா. மாணவரை ரஜாக்கர் எனக் கூறும் தொடர் அதில் இல்லை. ஆனால் அது விடையை வேண்டி எழுந்த வினா அன்று. கோட்டாவைப் பெறாதவர் அனைவரும் எதிரணியினரே என்னும் கருத்தைக் குறிப்பால் உணர்த்திய வினா அது. கேட்டோர் குறிப்பையே கொண்டனர். தாம் மாணவரை அவ்வாறு அழைக்கவில்லை என ஹசீனா பின்னர் மறுத்தபோது, வடிவத்தையே சான்றாகக் கொண்டார்.

அன்றிரவு மாணவர் எழுப்பிய முழக்கத்திலும் வினாவே அடிப்படை:

'துமி கே? ஆமி கே? ரஜாகார், ரஜாகார்!
கே பொலேச்சே? கே பொலேச்சே? ஷொய்ராசார், ஷொய்ராசார்!'

முதல் இணை புதியது அன்று. 1971க்கு முன்னைய எழுச்சியில் 'துமி கே? ஆமி கே? பாங்காலி, பாங்காலி!' என முழங்கினர். மாணவர் அந்தச் சட்டகத்தை அப்படியே வைத்து, 'பாங்காலி' நின்ற இடத்தில் 'ரஜாகார்' என்பதை நிறுத்தினர். நாட்டின் பிறப்போடு பிணைந்த முழக்கத்தில் அந்நாட்டின் வசைச்சொல் அமர்ந்தது. கேட்டோரைத் துணுக்குறச் செய்தது இம்மாற்றமே.

இரண்டாம் இணை முதலிணையின் கூற்றுக்கு உரியவரைச் சுட்டுகிறது: 'சொன்னவர் யார்?' ஆக முதலிணையில் உள்ளது மாணவரின் தன்கூற்று அன்று. பிறர் கூற்றின் எதிரொலி. வினாவுக்கு எதிராக வரும் வினா விடையாகவும் அமையும் என்பது தொல்காப்பியம் முதலாகத் தமிழிலக்கணம் அறிந்த உண்மை. பிரதமரின் வினாவுக்கு மாணவரின் வினா அத்தகைய விடையாயிற்று.

மறுநாள் ஆளுந்தரப்பினர் இம்முழக்கத்தை மாணவர் தம்மையே ரஜாக்கர் என அறிவித்துக்கொண்டதாகக் கொண்டு கண்டித்தனர். அதாவது முதலிணையைத் தன்கூற்றாக்கி, இரண்டாம் இணையை விடுத்தனர். குறிப்பாக நின்ற பிரதமரின் வினாவுக்கு வடிவப்பொருளையும், எதிரொலியாக நின்ற மாணவரின் முழக்கத்துக்கு நேர்ப்பொருளையும் அவர்கள் கொண்டனர். ஒரே உரையாடலின் இரு பகுதிகளும் இவ்வாறு பொருள்கொள்ளப்பட்டன.

5. 'அதிகார்' என்னும் பொய்யுறவு

உடன் எழுந்த மற்றொரு முழக்கம் 'சாய்த்தே கேலாம் ஒதிகார், ஹோயே கேலாம் ரஜாகார்' என்பது. இதில் வரும் 'ஒதிகார்' வடமொழி 'அதிகார' என்பதன் வங்காள ஒலிப்பு. உரிமை என்பது பொருள். அதே சொல் தமிழில் 'அதிகாரம்' ஆகி, ஆட்சி வலிமையைக் குறிக்கிறது. ஒலியொப்புமையை நம்பி 'அதிகாரம் கேட்டோம்' என்று பெயர்த்தால், ஆட்சியைக் கைப்பற்றவே மாணவர் கிளம்பினர் என்னும் அரசின் குற்றச்சாட்டு மாணவரின் வாயிலேயே வந்துவிடும்.

வினைமுற்றில் நிலை வேறு. 'கேலாம்' முதலடியில் போதலைக் குறிக்கும் முதல்வினை, இரண்டாமடியில் துணைவினை. தமிழிலும் 'போ' இவ்விரு பணிகளையும் செய்யும்: 'உரிமை கேட்கப் போனோம், ரஜாக்கர் ஆகிப் போனோம்.' விரும்பாது நேர்ந்த மாற்றத்தை இத்துணைவினை உணர்த்துகிறது. விருப்பத்தால் பணிசெய்பவர் என்னும் மூலப்பொருளுடைய சொல், விரும்பாது நேர்ந்ததைக் கூறும் வினையோடு சேர்ந்திருப்பது நோக்கத்தக்கது. வங்காள வினைமுற்று எண் காட்டாது, தமிழ் காட்டும். கூட்டத்தின் குரலாயின் 'போனோம்' எனவும், ஒருவர் தாங்கிய பதாகையாயின் 'போனேன்' எனவும் கொள்ளல் வேண்டும்.

6. பொருள்கோளின் விளைவு

ஜூலை 15 அன்று ஆளுங்கட்சிப் பொதுச்செயலாளர் ஒபைதுல் காதர், தம் கட்சியின் மாணவர் அமைப்பே இம்முழக்கத்துக்கு விடை தரும் என்னும் கருத்துப்படப் பேசினார். அன்றே டாக்கா பல்கலைக்கழகத்தில் மாணவர் தாக்கப்பட்டனர். மறுநாள் ரங்பூரில் கைகளை விரித்து நின்ற மாணவர் அபு சயீத் காவலரின் துப்பாக்கிச் சூட்டுக்குப் பலியானார். ஜூலை 18 அன்று இணையம் துண்டிக்கப்பட்டது. தொடர்ந்து ஊரடங்கும் வந்தது. ஜூலை 21 அன்று உச்ச நீதிமன்றம் 93 விழுக்காட்டுப் பணிகளைத் தகுதி அடிப்படைக்கு ஆக்கி, போராளிகளின் பிள்ளைகளுக்கு 5 விழுக்காடு வைத்தது. அதற்குள் போராட்டம் கோட்டாவைக் கடந்திருந்தது. ஆகஸ்டு 5 அன்று ஹசீனா பதவி விலகி நாட்டைவிட்டு வெளியேறினார்.

இறந்தோர் 1,400 பேர்வரை இருக்கலாம் எனவும், அவர்களுள் பெரும்பாலோர் பாதுகாப்புப் படையினரால் சுடப்பட்டனர் எனவும், 12-13 விழுக்காட்டினர் சிறார் எனவும் ஐ.நா. மனித உரிமை ஆணையர் அலுவலகம் 2025 பிப்ரவரியில் மதிப்பிட்டது. ஆளுங்கட்சியினர்மீதும் காவலர்மீதும் நிகழ்ந்த பழிவாங்கலையும் அவ்வறிக்கை பதிவுசெய்தது. 2025 நவம்பர் 17 அன்று டாக்காவின் தீர்ப்பாயம், ஹசீனா நேரில் இல்லாத நிலையில் அவருக்கு மரண தண்டனை விதித்தது. அவர்மீது சுமத்தப்பட்ட தூண்டுதல் குற்றச்சாட்டில் ஜூலை 14 பேச்சும் இடம்பெற்றது. ஆக, ஒரு வினாவின் குறிப்புப்பொருள் நீதிமன்றத்தின் முன்னும் சென்றது. இத்தனை உயிரிழப்புக்கும் ஒரு சொல்லே காரணம் எனல் பொருந்தாது. ஆயினும் வன்முறைக்கு முன்பு அதற்கான நியாயம் உருவானது ஒரு பொருள்கோளில் என்பதை மறுக்கவியலாது.

7. முடிவுரை

'ரஜாக்கர்' என்பதைத் 'துரோகி' எனப் பெயர்த்தால் வசை நிற்கும், 1971 மறையும். சொல்லை அப்படியே வைத்து, வங்காளதேச வரலாற்றை ஒரு தொடரில் விளக்குதல் நன்று; விளக்கம் இல்லையெனில் தமிழ் வாசகர் ஐதராபாத்தையே எண்ணுவர். 'ஷொய்ராசார்' வடிவில் பண்புப்பெயர். முழக்கத்தில் ஆட்சியாளரைச் சுட்டுகிறது. ஆதலின் 'கொடுங்கோன்மை' என்பதினும் 'கொடுங்கோலர்' என்பதே ஏற்புடையது, இயைபும் அமையும்:

'நீ யார்? நான் யார்? ரஜாக்கர், ரஜாக்கர்!
சொன்னவர் யார்? சொன்னவர் யார்? கொடுங்கோலர், கொடுங்கோலர்!'

இடச்சுருக்கம் கருதி இரண்டாம் அடியை விடநேரின், முதலடியையும் விடுதலே முறை. முதலடியை மட்டும் தருபவர் முழக்கத்தின் பாதியைத் தருபவர் அல்லர். மாணவர் மறுத்த கூற்றை மாணவரின் கூற்றாகத் தருபவர் ஆவர்.