செட்டில்: ஆவதும் பண்ணுவதும்

‘பையன் ஸ்டேட்ஸ்ல செட்டில் ஆயிட்டான்.’ ‘பொண்ண ஒரு எடத்துல செட்டில் பண்ணிட்டா நிம்மதி.’ ‘கேஸை வெளியிலயே செட்டில் பண்ணிட்டாங்க.’ ‘பழைய கணக்க செட்டில் பண்ணிட்டானுங்க, ஆளு குளோஸ்.’ நான்கும் நம் தெருவில் அன்றாடம் புழங்குகிற வாக்கியங்கள். தனித்தமிழ் அன்பர்கள் இதற்கு நேர்ச்சொல் தேடிக்கொண்டிருக்கட்டும். நமது அக்கறை வேறு. ஒரே வினை எப்படி வாழ்வதையும் கொல்வதையும் சேர்த்துச் சுமக்கிறது? யாருக்கு அது வாழ்வு, யாருக்குச் சாவு?

ஆங்கிலத்தில் இந்த வினைக்குத் தன்வினை, பிறவினை என்று வடிவ வேறுபாடு கிடையாது. ஒருவன் தானே ‘செட்டில்’ ஆனாலும் இன்னொருவனை ‘செட்டில்’ பண்ணினாலும் சொல் ஒன்றுதான். தமிழுக்குள் வரும்போது இந்த மழுப்பல் செல்லாது. ‘ஆகு’வா ‘பண்ணு’வா என்று தேர்ந்தெடுத்தாக வேண்டும். கடன் வாங்கும் அந்தக் கணத்திலேயே நம் மொழி அதிகாரத்தின் திசையைக் காட்டிக்கொடுத்துவிடுகிறது. பையன் பெரும்பாலும் ‘ஆகிறான்’. பெண் பெரும்பாலும் ‘பண்ணப்படுகிறாள்’. அமெரிக்காவில் கம்ப்யூட்டர் வேலை பார்ப்பவன் ‘செட்டில் ஆயிட்டான்’. துபாயில் இருபது வருஷமாகக் கட்டடம் கட்டுகிறவன் ‘துபாய்ல இருக்கான்’, அவ்வளவுதான்.

பத்திரப் பதிவு அலுவலகத்திலும் இதே இலக்கணம்தான். 1989இல் தமிழ்நாட்டில் வந்த வாரிசுரிமைத் திருத்தச் சட்டம் கூட்டுக் குடும்பச் சொத்தில் மகளுக்கும் சம பங்கு தந்தது. நடைமுறை என்ன? மகன் பேருக்குத் ‘தான செட்டில்மெண்ட்’ எழுதுகிறார்கள். மகளிடம் கையெழுத்து வாங்குகிற பத்திரத்துக்குப் பெயர் ‘விடுதலைப் பத்திரம்’! எதிலிருந்து யாருக்கு விடுதலை?

2

பழைய ஆங்கிலத்தில் இந்த வினையின் வேர் ‘இருக்கை’ என்று பொருள்படும் ஒரு பெயர்ச்சொல். இருத்துதல், அமர்த்துதல் என்பதே முதல் பொருள். சமரசப்படுத்துதல் என்ற பொருளுடைய வேறொரு பழைய வினையும் இதனோடு கலந்துபோயிருக்கலாம் என்பது அகராதிக்காரர்களின் கணிப்பு. ஆக, தமிழில் ‘அமர்’ என்றும் ‘தீர்’ என்றும் தனித்தனியாக நிற்கிற இரண்டு காரியங்கள் அங்கே ஒரே சொல்லுக்குள் இருக்கின்றன. ‘தீர்’ என்பதும் சாதுவான வேர் அல்ல. தீர்வு, தீர்ப்பு, தீர்வை, தீர்த்துக்கட்டு எல்லாமே அதன் பிள்ளைகள்தான்.

ஒருவர் அமர்வதற்காக இன்னொருவர் தீர்க்கப்பட்டதை மறைக்க இந்தச் சொல் எவ்வளவு வசதியானது என்பதற்கு ஆஸ்திரேலியா சாட்சி. ஆங்கிலச் சட்டத்தில் காலனிகள் வென்றெடுத்தவை, குடியேறியவை என இரு வகைப்படும். வென்ற நாடு என்றால் அங்கிருந்த சட்டம் மாற்றப்படும்வரை செல்லும். குடியேறிய நாடு என்றால் வந்தேறியின் சட்டமே முதல் சட்டம். 1788 முதல் வெள்ளையர் இறங்கிய அந்த மண்ணை இரண்டாம் வகையில் சேர்த்தார்கள். அங்கே நிலைத்த குடிகளோ நிலைத்த சட்டமோ இருந்ததில்லை என்று 1889இல் லண்டன் பிரிவி கவுன்சில் சொன்னது. கவனியுங்கள்: பூர்வகுடிகளிடம் ‘இல்லை’ என்று சொல்லப்பட்டதும் இதே சொல், அந்த இன்மையைக் காட்டி வந்தேறிகள் எடுத்துக்கொண்ட பெயரும் இதே சொல். யாருமற்ற நிலம் என்ற இந்தப் புனைவை ஆஸ்திரேலிய உயர் நீதிமன்றம் 1992 ஜூன் 3 அன்று மாபோ வழக்கில்தான் நிராகரித்தது. அப்போதும்கூட, தனியாருக்கு முழு உரிமையாக எழுதிக்கொடுத்த நிலங்களில் பூர்வ உரிமை தீர்ந்துபோயிற்று என்பதுதான் தீர்ப்பு.

3

நம் பக்கம் இந்தச் சொல் வருவாய்த்துறை வழியாக நுழைந்தது. வங்காளத்தில் 1793இல் காரன்வாலிஸ் கொண்டுவந்த ‘நிரந்தர செட்டில்மெண்ட்’ 1802இல் சென்னை மாகாணத்துக்கும் சட்டமானது. பாளையக்காரர்களை ஒடுக்கிய போர் முடிந்த மறு வருஷம் அது. மற்ற இடங்களில் ரயத்துவாரி செட்டில்மெண்ட். அரசு இதைத் தமிழில் ‘நிலவரித் திட்டம்’ என்று எழுதுகிறது. எவ்வளவு சாதுவான மொழிபெயர்ப்பு! நிலம் யாருடையது என்று முடிவு செய்த ஒரு வன்முறை இங்கே வெறும் திட்டமாகச் சுருங்கிவிடுகிறது. குடியானவர் வாயில் வழங்கிய ‘தீர்வை’ என்ற சொல்லில் இருந்த உறைப்புகூட இதில் இல்லை.

செங்கல்பட்டை எடுத்துக்கொள்வோம். அங்கே மிராசுதாரருக்குத் தரிசு நிலத்தின்மீதும் முன்னுரிமை இருந்தது. சேற்றில் உழைத்த பறையர் தரிசு கேட்டு மனுப் போட்டால் மிராசு குறுக்கே நிற்கும். குடியிருந்த மனையும் மிராசுதாரர் கையில். தலைமுறை தலைமுறையாக ஒரே ஊரில் கிடந்தவர்கள், ஆனால் செட்டில்மெண்ட் கணக்கில் அமர்ந்தவர்கள் அல்லர். இந்த நிலைமையைக் கலெக்டர் திரமென்ஹீர் 1891இல் அறிக்கையாக எழுதினார். 1892இல் பஞ்சமி நிலங்களுக்கான அரசாணை பிறந்தது. அந்த நிலங்கள் பிற சாதியார் கைக்குப் போன கதை நாம் அறிந்ததுதான். காரணையில் நிலத்தை மீட்கப் போராடியவர்கள்மீது 1994 அக்டோபர் 10 அன்று போலீஸ் சுட்டதில் ஜான் தாமஸ், ஏழுமலை இருவரும் இறந்தார்கள். ஒரு நூற்றாண்டுக்கு முந்தைய ‘செட்டில்மெண்ட்’ இன்னும் முடியவில்லை என்பதற்கு இதற்கு மேல் என்ன ஆதாரம் வேண்டும்?

இன்னொரு செட்டில்மெண்ட் வேலி போட்டது. 1871இல் வந்த குற்றப்பரம்பரைச் சட்டம் 1911இல் சென்னை மாகாணத்துக்கும் விரிந்தது. உப்பும் தானியமும் சுமந்து ஊர் ஊராக வியாபாரம் செய்த குறவர், எருகுலர் போன்றோருக்கு அசைவதே குற்றமாயிற்று. அவர்களைக் கொண்டுபோய் அடைத்த இடங்களின் பெயர் ‘செட்டில்மெண்ட்’. சால்வேஷன் ஆர்மி நடத்திய ஸ்டூவர்ட்புரம் அவற்றில் ஒன்று. வெள்ளைக்காரன் கடல் கடந்து அலைந்தால் குடியேற்றம்; குறவர் உப்பு மூட்டையோடு அலைந்தால் குற்றம்.

4

‘தீர்’ப்பதில் வந்த பயங்கரம் போபால். 1984 டிசம்பர் 2 இரவு யூனியன் கார்பைடு ஆலையிலிருந்து விஷவாயு கசிந்தது. 1985இல் ஒரு சட்டம் போட்டு, பாதிக்கப்பட்ட அத்தனை பேருக்காகவும் வழக்காடும் உரிமையை அரசு தனக்கு மட்டுமே எடுத்துக்கொண்டது. 1989 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றத்தில் 47 கோடி டாலருக்கு ‘செட்டில்மெண்ட்’. கிரிமினல் வழக்குகளும் அதோடு கைவிடப்பட்டன; 1991இல்தான் அவற்றுக்கு மீண்டும் உயிர் வந்தது. கூடுதல் நஷ்டஈடு கோரிய மனு 2023 மார்ச்சில் தள்ளுபடியாயிற்று. இந்த வாக்கியத்தில் எழுவாய் யார்? கம்பெனியும் அரசும். மூச்சுத் திணறியவர்கள் எழுவாயாக இல்லை. தீர்க்கப்பட்ட கணக்கில் ஒரு தொகையாக இருக்கிறார்கள்.

5

எல்லாம் வெள்ளைக்காரன் செய்த வேலை என்று நாம் தப்பித்துக்கொள்ள முடியாது. பட்டினப்பாலை கரிகாலனைப் புகழும் இடத்தைப் பாருங்கள். காட்டை அழித்து நாடாக்கினான், குளம் வெட்டினான், குடிகளை நிலைநிறுத்தினான் என்று அடுக்குகிறார் புலவர். வகுப்பில் இதை நீர்ப்பாசன நாகரிகத்தின் பெருமையாகவே சொல்லித் தருகிறார்கள். ஆனால் அதற்குச் சற்று முன்பாகவே முல்லை நிலப் பொதுவரின் வழி அழிந்ததும் சொல்லப்படுகிறது. மேய்ச்சல்காரர் அழிவும் குடிகளின் அமர்வும் ஒரே மூச்சில் வருகின்றன. சங்கப் புலவர் இதை மறைக்கவில்லை, பெருமையாகவே சொல்கிறார். மறைத்துப் படிக்கிற பழக்கம் நம்முடையது.

நம் நவீன நாவல்களின் கதையாடல் இந்தப் பழக்கத்தைத்தான் தொடர்கிறது. பாட்டன் வந்து குடியமர்ந்தார், காட்டைத் திருத்தினார், வம்சம் தழைத்தது என்று நாலு வரியில் கதை கிளம்பிவிடும். அந்தக் காட்டில் யார் இருந்தார்கள், கோடரி பிடித்தது யார் கை, பட்டா யார் பேரில் ஆயிற்று என்ற கேள்விகளுக்குப் பிரதிக்குள் இடமே இருப்பதில்லை. பண்ணியதையெல்லாம் ஆனதாகச் சொல்வது வெறும் நடை சம்பந்தப்பட்ட விஷயமல்ல, அரசியல். குடியேறினார்கள் என்பதற்குப் பக்கத்திலேயே குடியேற்றினார்கள், குடியெழுப்பினார்கள் என்பவற்றையும் வைத்துக்கொண்டுதான் இனி நாம் எழுதவும் மொழிபெயர்க்கவும் வேண்டும். ‘நிலவரித் திட்டம்’ என்று எழுதுவதைவிட ‘செட்டில்மெண்ட்’ என்றே விட்டுவிடலாம். அந்தச் சொல்லைக் கேட்டால் பத்திர ஆபீசும் கட்டப்பஞ்சாயத்தும் தமிழ் வாசகருக்கு உடனே நினைவுக்கு வந்துவிடும்.