மேலிருந்து தெரியும் முற்றம்

இரவில் எல்லோரும் படுத்த பிறகு கூகுள் எர்த்தைத் திறப்பேன். உலக உருண்டை சுழன்று நிற்கும். காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே ஸ்ரீரங்கம். ஏழு மதில்களும் ஒன்றுக்குள் ஒன்றாகக் கட்டம் போட்டதுபோலத் தெரியும். வழி தேடவே வேண்டாம்; கீழச் சித்திரை வீதியில் விரல் தானாகப் போய் நிற்கிறது.

குடியிருந்த காலத்தில் எங்கள் வீட்டை மேலிருந்து பார்த்ததே இல்லை. பழைய ஆண்டுகளின் படங்களுக்குப் பின்னோக்கிப் போகும் வசதி இதில் உண்டு. எனக்கு அது பெரிய வரம். நகர்த்த நகர்த்த, மொட்டைமாடியும் கறுப்புத் தண்ணீர்த் தொட்டியும் மறைந்து நாட்டு ஓட்டுக் கூரை வருகிறது. நடுவில் ஒரு இருண்ட சதுரம். முற்றம்! மழை பிடித்தால் மூலைத் தகரத்தின் வழியாகத் தண்ணீர் கொட்டும். அம்மா பித்தளை அண்டாவை இழுத்து வைப்பாள். வெறும் அண்டாவில் கணீரென்று விழும் சத்தம், நிறைய நிறையக் கனத்து அடங்கும். திரையில் அந்த முற்றம் நகக்கண் அளவுகூட இல்லை.

பிறகு இருந்த சென்னை வாடகை வீடுகளைத் தெருவில் நின்றே பார்க்கலாம். 2022-இல் ஸ்ட்ரீட் வியூ இந்தியாவுக்கு வந்தபோது முதல் 10 நகரங்களில் சென்னையும் ஒன்று. மனிதர்களின் முகங்களை மங்கலாக்கிவிடுகிறார்கள், அது நியாயம்தான். நாங்கள் இருந்த ஒரு வீட்டு வாசலில் புள்ளிக் கோலம் இருந்தது. யார் போட்டதோ. படத்தைப் பெரிதாக்கிப் புள்ளிகளை எண்ணிக்கொண்டிருந்தேன்.