கச்சிலைமடுவும் சரித்திரக் காதற்கதையும்

சரித்திர நாவல் என்றதும் முகஞ்சுளிப்பதே முற்போக்கு என்று சிலர் கருதுகின்றனர். நாம் அவ்வாறு கருதவில்லை. 1950 முதல் 1954 வரை 'கல்கி' இதழில் 'பொன்னியின் செல்வ'னுக்காக வாரந்தோறும் காத்திருந்தோர் அனைவரும் வெறும் பொழுதுபோக்கை நாடியவரல்லர். அந்நியராட்சியில் சிறுமைப்பட்ட மக்கள், தமக்கும் ஒரு பெருமித வரலாறு உண்டெனக் காண விரும்பினர். அவ்விருப்பம் நியாயமானது. அதற்கு எழுத்தாளர் அளித்த உணவு யாது என்பதே நமது கேள்வி.

வன்னி மண்ணையே எடுத்துக்கொள்வோம். பண்டார வன்னியன் 1803 ஆகஸ்டில் முல்லைத்தீவுக் கோட்டையைத் தாக்கிக் கைப்பற்றினான். ஒக்டோபர் 31இல் ஒட்டுசுட்டானை அடுத்த கச்சிலைமடுவில் கப்டன் வொன் டிறிபேர்க்கின் படையிடம் தோற்றான். முல்லைமணி இவ்வரலாற்றை நாடகமாக்கினார், மு. கருணாநிதி 'பாயும் புலி பண்டாரக வன்னியன்' என நாவலாக்கினார்.

தோல்விக்குக் காரணம் என்ன? செவிவழிக் கதை தரும் விடை இது: வன்னியனின் தங்கை நல்லநாச்சியை விரும்பி அவமானப்பட்ட காக்கை வன்னியன் காட்டிக்கொடுத்தான். காதல், பழி, துரோகம் என்ற இம்மூன்றும் வாசகனைக் கட்டிப்போட வல்லவை. ஆயின் வரலாறு வேறொன்றையும் கூறுகிறது. ஒல்லாந்தர் வன்னியரிடம் யானைகளைத் திறையாகப் பெற்றனர். 1782இல் படைகொண்டு அடக்கினர். அவர்களுக்குப் பின் வந்த ஆங்கிலேயர், 1803இல் மன்னார், யாழ்ப்பாணம், திருகோணமலை ஆகிய மூன்று பக்கங்களிலிருந்தும் படை நடத்தினர். அதே ஆண்டில் கண்டியுடனும் போர் புரிந்தனர். பழி முழுவதையும் ஒரு காக்கை வன்னியன்மேல் ஏற்றினால் பேரரசு குற்றமற்றதாகித் தப்பிவிடுகிறது. 'துரோகி' என்ற ஒரு சொல்லே எத்தனையோ உயிர்களைக் குடித்த இம்மண்ணில், இது வெறும் கலைக்குறை அன்று.

வோல்டர் ஸ்கொட்டின் நாவல்களை ஆராய்ந்த ஜோர்ஜ் லூக்காச், பெருந்தலைவர்கள் பின்னணியில் நிற்க, சாதாரண மனிதரின் வாழ்வினூடே காலம் புலப்படுவதையே அவற்றின் சிறப்பாகக் கண்டார். நம் கதைகளிலோ யானை அரசனைச் சுமக்கவே வருகிறது. திறைக்காக அதைக் காட்டில் பிடித்தவன் யார்? அப்போது அவன் வயலை உழுதவர் யார்? 1973இல் வெளிவந்த அ. பாலமனோகரனின் 'நிலக்கிளி' சரித்திர நாவலன்று. எனினும் தண்ணிமுறிப்பின் எளிய மாந்தரைக் கதையின் நடுவில் நிறுத்த இயலும் என்பதற்கு அதுவே சான்று.

ஆகவே, ஆசிரியர்கள் இந்நூல்களை மாணவர் கையிலிருந்து பறிக்க வேண்டாம். நூலை மூடியதும் ஒரு வினாவை மட்டும் எழுப்பட்டும்: இக்கதையில் குளங்கட்டியவன் எங்கே?